ஞாயிற்றுக்கிழமை ஹெச்.ஆர்.

2019 மே மாதம். கோவை அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். (மனிதவளம்) வேலைக்கு நேர்காணல். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பி.காம். முடித்து, ஒரு பம்ப் கம்பெனியின் அக்கவுண்ட்ஸில் ஏழு வருடம் வவுச்சர் போட்டிருந்தேன். தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ. ஹெச்.ஆர். பட்டமும் வாங்கியாயிற்று. எதிரே இருந்தவர் என் பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

"இ.சி.ஆர். போட்டிருக்கீங்களா?" வருங்கால வைப்பு நிதியான பி.எப்.புக்கு மாதா மாதம் ஆன்லைனில் ஏற்றும் கணக்கைக் கேட்டார்.

இல்லை.

"ஆக்சிடென்ட் ரிப்போர்ட்?"

இல்லை.

"யாரையாவது வேலைய விட்டு அனுப்பியிருக்கீங்களா?"

பதற்றத்தில் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணத்தைக் கேட்பார் என்று விடிய விடியப் படித்துப் போயிருந்தேன். அதை அவர் கேட்கவே இல்லை.

எங்கள் கம்பெனியிலேயே ஹெச்.ஆருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அதற்கு முன்பே கேட்டுப் பார்த்திருந்தேன். அங்கே இருந்தது இரண்டே பேர். "அக்கவுண்ட்ஸ்ல நல்லாத்தானேம்மா இருக்கீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம். இதை எங்கே உடைப்பது என்று தெரியாமல் ஒரு மாதம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கணபதியில் என் சித்தப்பாவுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. லேத் ஐந்து, டிரில்லிங் மெஷின் இரண்டு, ஒரு மில்லிங். கோவையில் இந்த மாதிரிப் பட்டறைகளை எண்ணி மாளாது. ஆள் பன்னிரண்டு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து சம்பளக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். நீளவாக்கில் ஒரு நோட்டு. முழு நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்குக் கோட்டின் மேல் ஒரு புள்ளி, ஓவர்டைமுக்கு ஓரத்தில் ஓர் எண். முன்பணம் சிவப்பு மையில். யார் எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு பிடித்தாயிற்று என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அதை வைத்து ஒரு சண்டை நடக்கும் என்று சித்தி சொன்னாள்.

"நான் பார்த்துத் தரட்டுமா சித்தப்பா?"

"உனக்கு எதுக்கும்மா இந்த அழுக்கு வேலை" என்றார். நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சொன்னார்.

முதல் வேலை, முன்பணத்தைத் தனித்தனியாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கம் போட்டது. அடுத்து, சம்பளக் கவரின் மேல் ஒட்ட ஒரு துண்டுச் சீட்டு. எத்தனை நாள், எவ்வளவு ஓவர்டைம், எவ்வளவு பிடித்தம், முன்பணத்தில் மீதி எவ்வளவு. அவ்வளவுதான். மூன்றாவது சனிக்கிழமை சண்டை இல்லை என்று சித்தி போன் பண்ணினாள். எம்.பி.ஏ. பாடத்தில் ஊழியர் உறவு பற்றி நாற்பது பக்கம் இருந்தது. அதில் எங்கேயும் துண்டுச் சீட்டு இல்லை.

அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வேலை செய்தது பன்னிரண்டு பேர், காகிதத்தில் ஒன்பது பேர். மூன்று பேர் 'வெளியாள்'. கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இந்த ஒன்பதின் ரகசியம் தெரியும். பத்துப் பேர் ஆனால் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. வந்துவிடும், இருபது ஆனால் பி.எப். வந்துவிடும். ஆகவே பல பட்டறைகள் வருடக்கணக்கில் ஒன்பதிலேயே நின்றுகொண்டிருக்கும். சித்தப்பா கெட்டவர் இல்லை. யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதலில் கை நீட்டிக் கொடுப்பவர். ஆனால் அரசாங்கத்துக்கு மாதா மாதம் கட்டுவது என்றால் அவருக்கு வயிற்றைக் கலக்கும்.

நல்ல வேளையாக அந்த ஜூலை 1-ந் தேதி இ.எஸ்.ஐ. விகிதத்தைக் குறைத்தார்கள். தொழிலாளி கட்டுவது 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆனது. முதலாளி கட்டுவது 4.75-லிருந்து 3.25 ஆனது. மொத்தம் ஆறரை இருந்தது நாலாகிவிட்டது. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 14,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அவர் பங்கு 105 ரூபாய், சித்தப்பா பங்கு 455. "ஒரு ஆளுக்கு 455-ஆ?" என்று மூன்று முறை கேட்டார். நாளைக்கு ஒருவன் கை போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை, சித்தி சொன்னாள். அடுத்த வாரம் பதிவு செய்தோம். பட்டறைக்குப் பதினேழு இலக்க எண் வந்தது, ஆளுக்குப் பத்து இலக்க எண் வந்தது.

முதலாளியைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய காரியம் என்று நினைத்திருந்தேன். தொழிலாளிகள் அதற்கு மேல் இருந்தார்கள். "ஏனுங்க அம்மிணி, நூத்தியஞ்சு ரூவா எதுக்குங்க? எனக்குத்தான் காய்ச்சலே வராதே" என்றார் ஒரு லேத்காரர். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பதற்குப் பதில் பக்கத்துத் தெரு டாக்டரிடம் இருநூறு கொடுத்துவிடலாம் என்றார் இன்னொருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு நாள் லீவு போட்டு வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. திட்டத்தின் நன்மைகளைப் பட்டியல் போட்டுப் படித்தேன், எடுபடவில்லை. கடைசியில் எடுபட்டது வேறு. இது அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் வைத்தியம் உண்டு என்று பேச்சுவாக்கில் சொன்னேன். காய்ச்சலே வராத லேத்காரர் மறுநாளே அம்மாவின் ஆதார் நகலோடு வந்து நின்றார்.

பட்டறையில் லேத் ஓட்டும் மூத்த டர்னர் ஒருவர் என்னை 'லேபர் ஆபீசர் அம்மிணி' என்று கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான். பழைய மில் ஆள் அவர். எங்கள் தாத்தாவும் மில் தொழிலாளிதான். இவர்களுக்கு ஹெச்.ஆர். என்ற எழுத்துகள் தெரியாது, லேபர் ஆபீசரைத் தெரியும். அந்தப் பதவிக்கு ஒரு கதை உண்டு. அந்தக் காலத்து மில்களில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் மேஸ்திரி கையில். வேலை வேண்டும் என்றால் அவருக்குக் கப்பம் கட்ட வேண்டும். தொழிலாளர் நிலையை ஆராய பிரிட்டிஷ் அரசு 1929-ல் அமைத்த ராயல் கமிஷன், 1931-ல் கொடுத்த அறிக்கையில், ஆள் எடுக்கும் வேலையை மேஸ்திரிகளிடமிருந்து பிடுங்கி லேபர் ஆபீசர் என்று ஒருவரிடம் கொடுக்கச் சொன்னது. பிறகு 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளில் நல அதிகாரி கட்டாயம் என்றது. ஆக நம் ஊரில் ஹெச்.ஆர். பிறந்தது லஞ்சத்தை ஒழிக்க. ஆபீஸில் ரங்கோலிப் போட்டி நடத்துவதெல்லாம் பிற்பாடு சேர்ந்தது.

இனி நான் சறுக்கிய கதை.

ஆகஸ்டில் எனக்குப் 'பாதுகாப்பு' பைத்தியம் பிடித்தது. யாரும் கையுறை போடுவதில்லை என்று பார்த்து, சித்தப்பாவை நச்சரித்து இரண்டு டஜன் பருத்திக் கையுறை வாங்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் நானே ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தேன், போட்டோவும் எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸில் மாதாந்தரக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன். போன் சைலண்டில். எடுத்துப் பார்த்தபோது சித்தப்பாவிடமிருந்து ஏழு மிஸ்டு கால்.

டிரில்லிங்கில் பத்து நாளுக்குமுன் சேர்ந்த ஒரு தம்பி. சுழலும் டிரில் பிட்டில் கையுறையின் நூல் சிக்கி, விரலோடு சேர்த்து இழுத்துவிட்டது. விரல் போகவில்லை. ஆள்காட்டி விரலில் ஒன்பது தையல், நடுவிரலில் எலும்பு விரிசல். கையுறை இல்லாமல் இருந்திருந்தால் ஒரு சிராய்ப்போடு போயிருக்கும். சுற்றுகிற மெஷினில் கையுறை ஆகாது என்பது அந்தப் பட்டறையில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மற்றவர்கள் நான் கொடுத்ததை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். புதுப் பையன், அக்கா கொடுத்தாங்களே என்று போட்டுக்கொண்டான். "சொல்லியிருக்கலாமேண்ணா" என்று மூத்த டர்னரிடம் கேட்டேன். "நீங்க ஆசையா கொடுத்தீங்க அம்மிணி, எப்படிச் சொல்றது" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போதும் எதையாவது புதிதாகக் கொண்டுவருவதற்குமுன் அந்த மெஷினில் நிற்கும் ஆளிடம் போய்க் கேட்கிறேன். மரியாதைக்காகத் தலையாட்டுகிறாரா, உண்மையில் சரி என்கிறாரா என்று இரண்டாவது தடவையும் கேட்கிறேன்.

அவனை இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வேலையில் அடிபட்டால் இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சாதாரண நோய்க்கான பணப் பலனுக்கு ஆறு மாதக் கட்டத்தில் 78 நாள் கட்டியிருக்க வேண்டும், கிடைப்பது எழுபது சதவீதம். வேலைக் காயத்துக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு, கூலியில் தொண்ணூறு சதவீதம். விபத்து அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். நேர்காணலில் கேட்டாரே, அந்த ஆக்சிடென்ட் ரிப்போர்ட். அன்று இரவு சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் வாழ்க்கையின் முதல் அறிக்கையை நிரப்பினேன். 'விபத்து எப்படி ஏற்பட்டது' என்ற கட்டத்தில் கையுறை என்ற வார்த்தையை எழுதும்போது கை நடுங்கியது. எழுதினேன்.

தப்பு அதோடு நிற்கவில்லை. ஆறு வாரம் ஆகியும் பணம் வரவில்லை. விசாரித்தால், பதிவின்போது அவன் வங்கிக் கணக்கு எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். லீவு போட்டு அவனோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய்த் திருத்தினேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வந்த அவன் மனைவிதான், "நாங்க மளிகைக் கடையில என்ன சொல்றதுங்க?" என்று கேட்டாள். சண்டை போடுகிற தொனியே இல்லை, நிஜமாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டாள். அக்கவுண்ட்ஸில் ஏழு வருடம் எண்களோடுதான் இருந்தேன். ஒரு இலக்கம் தப்பினால் ஆடிட்டர் திட்டுவார், அவ்வளவுதான். மளிகைக் கடை அதுவரைக்கும் என் கணக்கில் வந்ததே இல்லை.

பட்டறையில் பி.எப். கிடையாது என்பதால் அதைக் கற்க வேறு இடம் தேட வேண்டியிருந்தது. எங்கள் ஆடிட்டருக்குத் தெரிந்த ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகர் காந்திபுரத்தில் இருந்தார். பி.எப். கட்டக் கடைசித் தேதி அடுத்த மாதம் 15. அதனால் ஒவ்வொரு மாதமும் 10-ந் தேதியிலிருந்து அவர் ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருக்கும். "சம்பளம் கிடையாது, டீ உண்டு, இங்க பார்க்கறத வெளியில பேசக் கூடாது" என்றார். ஆறு மாதம், மாதத்தில் ஐந்து சாயங்காலம். கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது, இ.சி.ஆர். என்பது வெறும் ஒரு கோப்பு. அதை ஏற்றுவது பத்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் போவது பெயர்களில்.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. இதைப் புரிந்துகொள்ளாத எல்லா விண்ணப்பங்களும் சேர்ந்து நம்மைப் படுத்துகிற பாடு இருக்கிறதே! முருகேசன் என்று ஒருவர் என வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் 'முருகேசன் மா', வங்கியில் 'எம் முருகேசன்', பழைய கம்பெனி பி.எப்.பில் 'மாரிமுத்து முருகேஷ்'. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க, அப்போதெல்லாம் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய முதலாளி கம்பெனியை மூடிவிட்டுப் போயிருந்தால் தீர்ந்தது. மகளின் கல்யாணத்துக்குப் பணம் எடுக்க வந்து இந்த இனிஷியலில் மாட்டி நின்றவர்களை அந்தச் சாயங்காலங்களில் நிறையப் பார்த்தேன். இன்று புது ஆள் சேரும்போது ஆதாரை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக நான் படித்துப் பார்ப்பதைப் பார்த்து எங்கள் ஆபீஸில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அங்கே கற்றதை ஒத்திகை பார்த்தது எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம். அவருடைய செக்யூரிட்டி கம்பெனியில் பி.எப். உண்டு. ஒரு நாள் போனில் பாஸ்புக்கைக் காட்டிப் பொருமினார். "எங்கிட்ட 1,800 பிடிக்கறான், அவன் 550தான் போடறான். மீதியத் தின்னுட்டான்." 15,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு சதவீதம் 1,800. கம்பெனியும் அதே 1,800 போடுகிறது, ஆனால் அதில் 8.33 சதவீதம், அதாவது 1,250, பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். திரையைத் தள்ளி மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. இன்னொரு நாள், இன்னொரு மாதிரி சொன்னேன். நான்காவது தடவை, "இத மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்றார். முதல் மூன்று தடவையும் சட்டத்தின் வார்த்தைகளில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனிக்குள்ளேயே வேறொரு கதவும் திறந்தது. 2013-ன் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பம்ப் கம்பெனியில் பெண்களுக்கு எங்கே போவது? நானாகக் கேட்டதும் உடனே சேர்த்துக்கொண்டார்கள். அங்கே நடந்ததை எழுத முடியாது, சட்டமே தடுக்கிறது. இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிக்கும்வரை முகத்தில் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சிரமம் என்று மட்டும் சொல்கிறேன். ஒரு கலைக் கல்லூரியில் மாதிரி நேர்காணல் எடுக்கவும் நாலைந்து சனிக்கிழமை போனேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், "தினமும் இவ்வளவு தூரம் வந்து போக வீட்டில் விடுவாங்களா?" என்று என் வாயிலிருந்து வந்தது. அதே ஊரிலிருந்து வந்த பையனிடம் அதைக் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

இதையெல்லாம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். 'வேறு எந்தப் பணியிலும் ஈடுபடக் கூடாது' என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். நான் என் மேனேஜரிடம் எழுதியே கேட்டேன். உறவினர் பட்டறை, ஞாயிறு மட்டும், சம்பளம் கிடையாது. "நம்ம விஷயம் அங்க போகக் கூடாது, அங்க உள்ளது இங்க வேண்டாம்" என்று சொல்லி விட்டுவிட்டார். சித்தப்பா எங்கள் கம்பெனிக்குப் பொருள் சப்ளை செய்பவராக இருந்திருந்தால் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். படிப்பு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் மாலை நேர, வார இறுதிப் பட்டயப் படிப்புகள் இருக்கின்றன. கோவையில் இருந்த எனக்கு அது எட்டவில்லை. ஆனால் ஆன்லைனில் மூன்று மணி நேரம் வீடியோ ஓடவிட்டு வாங்கும் சான்றிதழ்களில் நான் போட்ட நாலாயிரத்துச் சொச்சம் தண்டம். ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. இதற்கிடையில், நான் தட்டுத் தடுமாறிக் கற்ற 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

2021 பிப்ரவரியில் இன்னொரு நேர்காணல், இயந்திர பாகங்கள் செய்யும் கம்பெனி. அனுபவம் கேட்டபோது பட்டறையைச் சொன்னேன். "பன்னெண்டு பேர்தானா?" என்றார்கள். பன்னிரண்டு பேர்தான். "நீங்க செஞ்ச ஒரு தப்பு சொல்லுங்க." கையுறையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரொடக்‌ஷன் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலை கிடைத்தது. அக்கவுண்ட்ஸில் வாங்கியதைவிட இரண்டாயிரம் குறைவான சம்பளம். வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை.

சித்தப்பாவின் நோட்டை இப்போது சித்தி பார்த்துக்கொள்கிறாள். துண்டுச் சீட்டு மட்டும் நான் போட்டுக் கொடுத்த அதே மாதிரியில் ஓடுகிறது. டிரில்லிங் தம்பி போன வருடம் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்தான். ஆள்காட்டி விரல் முழுதாக மடங்காது. சேர்ந்த அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினான். ஆதார், பேங்க் பாஸ்புக், அவனே நிரப்பிய பி.எப். விண்ணப்பம். கீழே, "அக்கா, அக்கவுண்ட் நம்பர நான் மூணு தடவ பார்த்துட்டேன். பேர மட்டும் நீங்க பாருங்க."